குற்றவியல் படிக்க நம்ம பிள்ளைகள் ஏன் போகணும்?

(மாணவர் அணியும் தகவல் தொழில்நுட்ப அணியும் சேர்ந்து நடத்திய இணையவழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத தோழர்கள் கேட்டதால் முழுசாகப் பதிவிடுகிறோம். நீளமான பதிவுதான். வீட்டில் டிகிரி முடிச்ச பிள்ளைகள் இருந்தால் அவங்களுக்கும் அனுப்புங்க.)

வேலை முடிஞ்சு, சாப்பிடாம கூட லைனில் உட்கார்ந்திருக்கும் தோழர்களுக்கும், மைக்கை மியூட் பண்ண மறந்து குக்கர் விசில் சத்தத்தை எங்களுக்கும் பகிர்ந்து கொண்டிருக்கும் அக்காவுக்கும் நன்றி.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். நம்ம ஊர்ல தெருவுக்கு நாலு பேர் இருப்பான், அதில் ஒருத்தன். எனக்கும் குற்றவியலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். ஐ.டி. விங்கில் வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும். ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு தம்பி போன் பண்ணுவான். "அண்ணே, நான் போட்ட போஸ்டுக்கு ஸ்டேஷன்ல இருந்து வாட்ஸ்அப்ல நோட்டீஸ் வந்திருக்கு, காலையில வரச் சொல்றாங்க, என்னண்ணே பண்றது?" அவன் குரல் நடுங்கும். பக்கத்தில் அவங்க அம்மா அழற சத்தம் கேட்கும். நமக்கும் என்ன சொல்றதுன்னு தெரியாது. வக்கீல் அணித் தோழருக்குப் போன் அடிப்போம், அவர் தூங்கியிருப்பார்.

அப்படித்தான் நான் படிக்க ஆரம்பிச்சேன். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றச்சாட்டுன்னா கைது தானாக நடக்க வேண்டிய ஒன்று இல்லை, காரணத்தை எழுதி வைக்கணும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. நேரில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கணும், அது இப்போது புது நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 35. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முறையாகக் கொடுத்ததாக ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது. இது அந்தத் தம்பிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நோட்டீஸ் அனுப்பினவருக்குத் தெரியுமா என்பதை உங்கள் முடிவுக்கு விடுறேன்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு ஞாபகம் இருக்கா? "எரிச்சலூட்டும்" பதிவு போட்டால் மூணு வருஷம் வரை உள்ளே. ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை மொத்தமாக ரத்து செய்தது. ரத்தான பிறகும் பல வருஷம் நாட்டில் அங்கங்கே அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கிட்டே இருந்தாங்க. செத்துப்போன சட்டத்தில் உயிருள்ள ஆளைப் பிடிச்சு உள்ளே வைக்க முடியும், கேட்க ஆள் இல்லைன்னா. அந்த "கேட்கிற ஆள்" எங்கிருந்து வருவான் என்பதுதான் இன்னைக்கு விஷயம்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துடலாம். தமிழில் "குற்றவியல்"னு ஒரே வார்த்தையை ரெண்டுக்கும் போடுறோம். குற்றவியல் வழக்கு, குற்றவியல் நீதிமன்றம் என்று சொல்லும்போது அது கிரிமினல் சட்டம். பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை என்று சொன்னால் அது கிரிமினாலஜி, அதாவது குற்றம் ஏன் நடக்குது, யார் மேல நடக்குது, சமூகம் அதுக்கு என்ன செய்யுது, போலீஸ், கோர்ட், ஜெயில் மூணும் உண்மையில் எப்படி வேலை செய்யுது என்று ஆராயும் படிப்பு. மூணாவதா தடய அறிவியல் இருக்கு, ரத்தம், ரேகை, தோட்டா, ஹார்ட் டிஸ்க் எல்லாம் அங்கே. இந்த மூணையும் போட்டுக் குழப்பி, தடய அறிவியலில் சேர நினைத்து கிரிமினாலஜியில் சேர்ந்த பிள்ளைகள் இருக்காங்க. கிரிமினாலஜி முடிச்சா கோர்ட்ல வாதாடலாம்னு நினைத்துச் சேர்ந்தவங்களும் இருக்காங்க. வாதாட முடியாது. அதுக்கு சட்டப்படிப்பு வேணும்.

இப்போ, "இதெல்லாம் நமக்கெதுக்கு, வெள்ளைக்காரன் படிப்பு"ன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வரலாறு.

இத்தாலியில் லொம்ப்ரோசோன்னு ஒரு மருத்துவர். 1876-ல் ஒரு புத்தகம் போட்டார். குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளியாத்தான் பிறக்கிறான், மண்டை ஓட்டையும் தாடையையும் அளந்தாலே தெரிஞ்சுடும் என்பது அவர் வாதம். கிரிமினாலஜி வகுப்பில் முதல் மாதமே அவரைப் பற்றிப் பாடம் வரும், அப்புறம் அது எப்படித் தப்பு என்றும் வரும். ஆனா தோழர்களே, அந்தப் புத்தகத்துக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே, 1871-ல், இந்தியாவில் பிரிட்டிஷ் அரசு அதே எண்ணத்தைச் சட்டமாவே போட்டுடுச்சு. குற்றப் பரம்பரைச் சட்டம். அவர் ஒவ்வொரு மண்டையா அளக்கணும்னு சொன்னார். இவங்க அளக்கக்கூட இல்லை. சாதிப் பேரைக் கேட்டாங்க, ரெஜிஸ்டரில் எழுதினாங்க, முடிஞ்சுது.

1911-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வைக்கணும், ராத்திரி போய் ஆஜர் கொடுக்கணும், ஊரை விட்டுப் போகணும்னா சீட்டு வாங்கணும். ரேகை வைக்க மாட்டோம்னு எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மேல 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட அங்கே உயிர்விட்டவர்களின் நினைவுத்தூண் இன்னைக்கும் அந்த ஊரில் இருக்கு. சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுக்க 1952-லும் சட்டம் போனது.

சட்டம் போச்சு, எண்ணம் போச்சா? 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் போட்ட வழக்கில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. சிறை விதிப் புத்தகங்களில் சாதி பார்த்து வேலை பிரிக்கிறது, சமையலுக்கு ஒரு சாதி, துப்புரவுக்கு ஒரு சாதி, சீர்மரபினர் என்றாலே "வழக்கமான குற்றவாளி" என்ற சந்தேகம், இதெல்லாம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. சுதந்திரம் வாங்கி 77 வருஷம் கழிச்சு! அந்தத் தீர்ப்பில் நம்ம பாளையங்கோட்டை மத்திய சிறையும் வருது. அங்கே சாதி வாரியா பிளாக் பிரிச்சு வைத்திருந்ததை எதிர்த்து முன்னாடி ஒரு வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. "சண்டை வராம இருக்கத்தான்" என்ற அரசுத் தரப்பு விளக்கத்தை உயர் நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கலை. நம்ம பெருமை பேசுற தமிழ்நாட்டில்தான் இது. வடக்கே நடக்கிறதைப் பற்றி மட்டும் மீம் போட்டுக்கிட்டு இருந்தா போதாது.

இந்த வழக்குக்கு விதை எங்கே? விதிப் புத்தகத்தை உட்கார்ந்து படிச்ச ஒரு பத்திரிகையாளர். வருஷக்கணக்கா அலமாரியில் கிடந்த அந்தப் புத்தகத்தை நம்ம பக்கத்திலிருந்து யாரும் எடுத்துப் படிக்கலை. குற்றவியலையும் சட்டத்தையும் நம்ம பிள்ளைகள் படிக்கணும்னு நான் சொல்றதுக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியலை. ஒரு காலத்தில் நம்மளை அளந்து ரெஜிஸ்டரில் எழுதின படிப்பு. இப்போ அளவுகோலை நாம கையில் எடுக்கணும்.

அளவுன்னு சொன்னதும் ஒரு கணக்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 சிறைப் புள்ளிவிவரம். அந்த வருஷம் டிசம்பர் 31 அன்று நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இடம் இருந்தது 4,36,266 பேருக்கு. இருந்தவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூத்துக்கு எழுபத்தாறு பேர் மேல குற்றம் நிரூபணமே ஆகலை. இன்ஜினியர் மூளைக்கு இது எப்படித் தெரியுது? ஒரு சிஸ்டத்துக்குள்ள வர்ற ரிக்வெஸ்டில் முக்கால்வாசி பதில் கிடைக்காம க்யூவிலேயே நிக்குதுன்னா அதை டவுன்னு சொல்வோம். டிக்கெட் போடுவோம், ராத்திரியோட ராத்திரியா சரி பண்ணுவோம். இங்க க்யூவில் நிக்கிறது மனுஷன். ஜாமீன் கிடைச்சும், ஜாமீன்தாரர் கிடைக்காம, சொத்துக் காகிதம் காட்ட முடியாம உள்ளேயே கிடக்கிற மனுஷன்.

புதுச் சட்டத்தில் பிரிவு 479-னு ஒண்ணு இருக்கு. முதல் முறையா வழக்கில் சிக்கினவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூணில் ஒரு பங்கு காலம் ஏற்கெனவே உள்ளே இருந்துட்டார்னா ஜாமீனில் விடணும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது, ஒண்ணுக்கு மேல வழக்கு இருந்தாலும் சிக்கல். இது பழைய கைதிகளுக்கும் பொருந்தும்னு 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, எந்தக் கைதிக்கு எந்தத் தேதியில் மூணில் ஒரு பங்கு முடியுதுன்னு யார் கணக்குப் போடுறது? ஒரு எக்செல் ஷீட் வேலை இது! அந்த ஷீட்டைப் போட, சிறைக்குள்ள போய் ஒவ்வொருத்தர் காகிதத்தையும் பார்க்க, சட்டமும் தெரிந்த, மனுஷனிடம் பேசவும் தெரிந்த ஆள் வேணும். அந்த ஆளைத்தான் இந்தப் படிப்புகள் உருவாக்குது. உருவாக்கணும்.

புதுச் சட்டங்கள்னு சொன்னேன் இல்லையா, அதுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூணும் போய், பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்திருக்கு. பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ளேயே ஜாமீன் கிடைச்சுடும். 2023 டிசம்பரில் 146 எதிர்க்கட்சி எம்.பி.க்களை சஸ்பெண்ட் பண்ணி வெளியே நிறுத்திவிட்டு நிறைவேற்றின சட்டம், இதை மறக்கக் கூடாது. ஆனா எதிர்ப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், சட்டம் அமலில் இருக்கு, தினமும் நம்ம ஆள் மேல பாயுது. எதிர்க்கிறவனும் அதை வரி வரியா படிச்சிருக்கணும்.

அதில் நம்ம மாதிரி டெக்னிக்கல் ஆட்களுக்கு வேலை நிறைய இருக்கு. ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போய் ஆதாரம் சேகரிக்கணும், வீடியோ எடுக்கணும் என்று பிரிவு 176 சொல்லுது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு அஞ்சு வருஷம் அவகாசம். யோசிங்க, ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை சம்பவ இடம், எத்தனை நிபுணர் வேணும்? சோதனை, பறிமுதல் எல்லாத்தையும் வீடியோ பதிவு பண்ணணும்னு பிரிவு 105 சொல்லுது. செல்போனிலேயே எடுக்கலாமாம். அந்த வீடியோ உண்மைதானா, நடுவில் வெட்டியிருக்காங்களா என்று நாளைக்கு கோர்ட்டில் கேள்வி வரும்.

சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ஐ எடுத்துப் பாருங்க. பழைய 65பி தான் புது உருவத்தில். எலக்ட்ரானிக் ஆவணத்தைத் தாக்கல் பண்ணினா கூடவே சான்றிதழ் வேணும். அதன் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கு, ரெண்டு பகுதி. ஒண்ணை ஆவணம் தர்றவர் நிரப்பணும், இன்னொண்ணை நிபுணர் நிரப்பணும். ஹாஷ் மதிப்பு எழுதணும், எந்த அல்காரிதம் என்று டிக் அடிக்கணும், ஷா 256, எம்.டி. 5 எல்லாம் அந்தப் படிவத்திலேயே அச்சாகி இருக்கு! இதை முதன்முதலில் பார்த்தப்போ எனக்கு சிரிப்பும் வந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு. நாலு வருஷம் நாம படிச்சது, கோர்ட் காகிதத்தில் உட்கார்ந்திருக்கு. ஹாஷ்னா என்னன்னு ஒரு நீதிபதிக்கு ரெண்டு நிமிஷத்தில் தமிழில் விளக்கத் தெரிந்த ஆள் இந்த மாநிலத்தில் எத்தனை பேர் இருப்பாங்க? நம்ம வேலையில்லா இன்ஜினியர் தம்பிகள் இதை யோசிக்கணும்.

இதில் தமிழ்நாடு பின்தங்கின ஊரும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் இந்தியாவின் முதல் தண்டனை என்று சொல்லப்படுகிற தீர்ப்பு 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் வந்ததுதான். ஒரு பெண்ணின் பெயரில் இணையத்தில் ஆபாசமாப் பதிவு போட்டவனைப் பிடிச்சு, சில மாதங்களிலேயே வழக்கை முடிச்சாங்க. சைபர் கிரிமினாலஜி என்ற துறைக்கு 2007-ல் தனி ஆய்விதழ் தொடங்கிய பேராசிரியர் கே. ஜெய்சங்கர், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று குற்றத்தைப் பார்க்கிற விக்டிமாலஜியை இந்தியாவில் வளர்த்தவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் கே. சொக்கலிங்கம், சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையில் இருந்தவர், பின்னாடி அதே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலையில் துணைவேந்தர். கொலை நடந்தா கொலைகாரன் போட்டோ தான் பேப்பரில் வரும், செத்தவன் குடும்பம் அடுத்த மாசம் வாடகைக்கு என்ன பண்ணும்னு எவனும் கேட்க மாட்டான். அதைக் கேட்கிற படிப்பு அது. பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுத் திட்டம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவு, இதெல்லாம் அந்தச் சிந்தனையின் பிள்ளைகள்.

அடுத்து நான் சொல்லப் போறது நம்ம பக்கத்து ஆட்களுக்கே பிடிக்காது. பரவாயில்லை, சொல்லிடுறேன்.

ஒரு கொடூரக் குற்றம் நடந்ததும் நம்ம குரூப்களில் முதலில் வர்ற வார்த்தை "என்கவுன்டர் பண்ணுங்க". 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில் நடந்தது ஞாபகம் இருக்கும். ஒரு பெண் மருத்துவர் கொல்லப்பட்டார், நாடே கொதிச்சது, நாலு பேரைப் பிடிச்சாங்க, ஒரு விடியக்காலையில் நாலு பேரையும் சுட்டுட்டாங்க. போலீஸ் மேல பூ தூவினாங்க. நம்ம பக்கங்களிலும் அன்னைக்கு வாழ்த்து போஸ்ட் ஓடுச்சு, இல்லைன்னு சொல்ல முடியாது. அப்புறம் உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையம் 2022-ல் என்ன சொன்னது? சாகடிக்கும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டிருக்காங்க, சுடப்பட்டவர்களில் மூணு பேர் பதினெட்டு வயது ஆகாதவர்கள் என்று. இந்த அறிக்கைக்கு எத்தனை ஷேர் போச்சு? பூவுக்கு எவ்வளவு, அறிக்கைக்கு எவ்வளவு?

அந்த நாலு பேர் குற்றவாளிகளா இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். விசாரணை இல்லாம சுடலாம்னு நாம கைதட்டினா, அந்தத் துப்பாக்கி முதலில் எந்தத் தெருவுக்கு வரும்னு நமக்குத் தெரியாதா? டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. நாடு முழுக்க மரண தண்டனை பெற்ற 373 கைதிகளிடமும் அவங்க குடும்பங்களிடமும் பேசி எடுத்தது. அதில் 74.1 சதவீதம் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். அந்தப் பேட்டிகளில் பெரும்பகுதியை எடுத்தது யார்? சட்டக் கல்லூரி மாணவர்கள். இருபது, இருபத்தொன்று வயசுப் பிள்ளைகள் சிறைச் சிறையாப் போய் எழுதி வாங்கினது இன்னைக்கு உச்ச நீதிமன்றத்தில் வாதமா நிக்குது. ஒரு டிரெண்டிங் ஹேஷ்டேக் மூணு மணி நேரம் நிக்கும் தோழர்களே.

இனி, எங்கே படிக்கலாம். இதைத்தான் நிறைய பேர் கேட்டீங்க.

எந்த டிகிரி முடிச்சிருந்தாலும் பெரும்பாலும் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. குற்றவியலில் சேரலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனாரிலும் துறை இருக்கு. அரசுப் பல்கலைக்கழகம், கட்டணம் தனியார் மாதிரி இடுப்பை ஒடிக்காது. சென்னையில் சைபர் தடயவியலுக்கும் தனி முதுகலை இருக்கு. வெளியே போகணும்னா மத்தியப் பிரதேசத்தில் சாகர் பல்கலைக்கழகம், 1959-லேயே குற்றவியல், தடய அறிவியல் துறை தொடங்கின இடம். தடய அறிவியல்தான் வேணும்னா காந்திநகரில் தலைமையகம் உள்ள தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம், 2020-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது, அதுக்குப் பெரும்பாலும் அறிவியல் பட்டமோ இன்ஜினியரிங்கோ கேட்பாங்க. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் சமூகப்பணிப் படிப்போடு குற்றவியலை வளர்த்த இடம். அங்கிருந்து 1990-ல் தொடங்கிய பிரயாஸ் என்ற களத் திட்டம் சிறைக்கும் காவல் நிலையத்துக்கும் சமூகப் பணியாளர்களை அனுப்பி வேலை செய்யுது. என்னைக் கேட்டா, மனுஷங்களோட வேலை பார்க்க ஆசைப்படுறவங்களுக்கு இந்த வழி மாதிரி வேற இல்லை.

சட்டத்துக்குப் போறவங்க முதலில் மூணு வருஷ எல்எல்.பி. முடிக்கணும். நம்ம மாநிலத்தில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு இல்லை, டிகிரி மார்க்கை வச்சே சேர்க்கை. இந்த ஒரு விஷயம் எத்தனை முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கறுப்புக் கோட்டு மாட்டிவிட்டிருக்குன்னு வக்கீல் அணித் தோழர்களைக் கேளுங்க. ஒரு எச்சரிக்கை: பிளஸ் டூ படிக்காம நேரா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரி வாங்கினவங்களுக்கு பார் கவுன்சில் விதி இடம் கொடுக்காது. சேர்றதுக்கு முன்னாடியே பார்த்துக்கோங்க. அப்புறம் எல்எல்.எம்.மில் குற்றவியல் சட்டமும் குற்ற நீதி நிர்வாகமும் என்று தனிப் பிரிவு அங்கேயே இருக்கு, ரெண்டு வருஷம். திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷ எல்எல்.எம்., அதுக்கு கிளாட் தேர்வு. கோர்ட்ல வாதாட எல்எல்.எம். தேவையில்லை. பாடம் நடத்த, ஆராய்ச்சி செய்ய, கொள்கை எழுதத்தான் அது.

வேலை? இங்கே இனிக்க இனிக்கப் பேசி யாரையும் ஏமாத்த விரும்பலை. எம்.ஏ. குற்றவியல் முடிச்ச உடனே கேம்பஸ் இன்டர்வியூ வந்து ஆள் அள்ளிக்கிட்டுப் போற படிப்பு இல்லை இது. அரசு அறிவிக்கை வரும்போது "தகுதி" என்ற வரியில் உங்க பட்டத்தின் பேர் இருக்கான்னு பாருங்க. சில பதவிகளுக்கு இருக்கும், சிலதுக்கு சமூகப்பணி, உளவியல் மட்டும் போட்டிருப்பாங்க, குற்றவியலை விட்டிருப்பாங்க. நன்னடத்தை அலுவலர், சிறை நலப்பணி, குழந்தைகள் பாதுகாப்பு, இந்த மாதிரி ஒவ்வொரு பதவிக்கும் குற்றவியல் பட்டத்தைத் தகுதியாச் சேர்க்கணும் என்ற கோரிக்கையை மாணவர் அணி கையில் எடுக்கணும்னு இந்தக் கூட்டத்திலேயே முன்வைக்கிறேன். நம்ம ஆட்சியா, அவங்க ஆட்சியான்னு பார்க்காம கேட்கணும்.

கல்லூரியில் பாடம் நடத்த நெட் தேர்வில் குற்றவியல், தடய அறிவியல், சட்டம் மூணும் தனித்தனிப் பாடம். வக்கீலா ஆகுறவங்களுக்கு, சட்டப் பணிகள் ஆணைக்குழு ஏழைக் கைதிகளுக்காக வைத்திருக்கிற சட்ட உதவித் தற்காப்பு வழக்கறிஞர் அமைப்பில் உதவி வழக்கறிஞர் இடத்துக்கு மூணு வருஷத்துக்குள்ள அனுபவம் உள்ளவங்களே போகலாம். ஒப்பந்த வேலைதான், ஆனா தினமும் கிரிமினல் கோர்ட். அரசு உதவி வழக்கறிஞர் தேர்வுக்கு அஞ்சு வருஷம் கிரிமினல் கோர்ட் அனுபவம் கேட்பாங்க. சிவில் நீதிபதி ஆகணும்னா மூணு வருஷம் வக்கீலா இருந்திருக்கணும் என்ற விதியை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொண்டு வந்திருக்கு. இதில் எனக்கு வருத்தம் உண்டு. சீனியர்கிட்ட சம்பளமே இல்லாம மூணு வருஷம் உட்கார வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது வெறும் மூணு வருஷம். கூலி வேலை பார்க்கிற அப்பாவின் பிள்ளைக்கு அது மலை. ஜூனியர் வக்கீல்களுக்கு உதவித்தொகை என்ற பேச்சு இதனால்தான் முக்கியம்.

கூர்நோக்கு இல்லங்களைப் பற்றிச் சொல்லாம விட மனசு வரலை. 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயசுப் பையன் ஒருத்தன் செத்துப்போனான். ஊழியர்கள் கைதானாங்க. நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டு, 2023 நவம்பரில் அறிக்கை வந்தது. அந்த இல்லத்தில் அந்தப் பையனைப் பார்த்துக்க வேண்டிய இடத்தில், சிறார் நீதிச் சட்டம் என்ன சொல்லுது, பதினாறு வயசு மூளை எப்படி யோசிக்கும், ஏன் எதிர்த்துப் பேசும் என்று ரெண்டு வருஷம் படிச்சுட்டு வந்த ஒரு ஆள் இருந்திருந்தா என்ன நடந்திருக்கும்? இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நடுவரோட ரெண்டு சமூகப் பணியாளர்கள் உட்காரணும், அதில் ஒருத்தராவது பெண்ணா இருக்கணும் என்று சட்டம் சொல்லுது. அந்த நாற்காலிகள் காலியா இருந்தாலோ, தெரிஞ்சவங்களுக்குப் போனாலோ, எதிரில் நிக்கிறது நம்ம தெருப் பையன்தான்.

பெற்றோர்கள் கேட்கிறது ஒண்ணு உண்டு, குறிப்பா பெண் பிள்ளைகளைப் பெத்தவங்க. "குற்றம், ஜெயில்னு படிச்சா மாப்பிள்ளை கிடைப்பானா?" இதுக்கு நான் பதில் சொல்றதைவிட, இந்தப் படிப்பு முடிச்சு மகளிர் சிறையிலும், காப்பகத்திலும், ஒருங்கிணைந்த சேவை மையத்திலும் வேலை பார்க்கிற அக்காக்களையே அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கோம். அவங்ககிட்டயே கேளுங்க, கேள்வியைக் கொஞ்சம் மரியாதையாக் கேளுங்க.

நேரம் ஆயிடுச்சு. ஒரு வேலை மட்டும் சொல்லி முடிச்சுக்கிறேன். சேர விருப்பம் உள்ளவங்க பேர், மாவட்டம், முடிச்ச டிகிரி, மார்க் சதவீதம் இந்த நாலையும் பக்கத்தின் இன்பாக்ஸில் போடுங்க. போன் நம்பரை கமெண்டில் போடாதீங்க, எத்தனை தடவை சொல்றது! விண்ணப்ப அறிவிப்பு வரும்போது ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா தகவல் சொல்ல ஆறு தோழர்கள் பொறுப்பு எடுத்திருக்காங்க. விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியலைன்னா அதையும் அங்கேயே எழுதுங்க, கூச்சம் வேண்டாம். வாட்ஸ்அப் நோட்டீஸ் வந்தவங்களும் அதே இன்பாக்ஸுக்கு வரலாம், அதுக்கு வக்கீல் அணித் தோழர் சண்முகம் அண்ணன் இருக்கார். இப்போ அவர்தான் பேசப் போறார். அண்ணே, மியூட்டை எடுத்துட்டுப் பேசுங்க.